தொட்டிக் குழாய்க்கு மேலே ஒரு பளிச்

இருபத்தெட்டு வருடம் காவல் நிலையத்தில் ரைட்டராக இருந்தவன் நான். புகார் சொல்ல வருகிறவரை முதலில் சந்தேகப்படுவது எனக்கு ஊறிப்போன பழக்கம். ஓய்வு பெற்றதும் ஒரு தொலைநோக்கி வாங்கி, தென்காசி வீட்டு மொட்டை மாடியில் வானத்தைத் துருவ ஆரம்பித்தேன். மின்னிக்கொண்டே போகும் செயற்கைக்கோள் எதுவென்று கண்டுபிடித்து, என்னைப் போன்ற ஆர்வக்காரர்கள் இணையத்தில் வைத்திருக்கும் பட்டியலில் பதிவேன். அதில் எனக்கு அப்படியொரு தலைக்கனம்.

மே மாதக் கடைசி. வெக்கை தாங்காமல் மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்த என் மனைவி, "என்னங்க, தண்ணித் தொட்டிக் குழாய் முனைக்கு மேல பளிச்சுன்னு ஏதோ மின்னுது" என்றாள். மணி எட்டு இருக்கும். அண்ணாந்து பத்து நொடி பார்த்தேன். ஒன்றுமில்லை.

"எந்தப் பக்கமா போச்சு?"

"எங்கயும் போகல. அங்கனயே நிக்குது."

ஓடுகிற செயற்கைக்கோள்களை மட்டுமே துரத்திப் பழகியவன் நான். "அது வானத்துல இல்லட்டி, உன் கண்ணுக்குள்ள" என்று சொல்லிவிட்டேன். சம்பவ இடத்தைச் சரியாகப் பார்க்காமலே புகாரைத் தள்ளியாயிற்று.

அவள் முகம் செத்துவிட்டது. அவளுடைய அக்காவுக்கு இப்படித்தான் கண்ணுக்குள் வெளிச்சம் வெட்டி, ஒரு கண்ணில் பார்வையே போனது. அது எனக்கு உறைத்தபோது என் வாயை நானே நொந்துகொண்டேன். திருநெல்வேலி கண் மருத்துவரிடம் மூன்று நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. அதுவரை தினமும் எட்டு மணிக்கு மாடி ஏறிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கும் வந்துட்டு" என்று சன்னமாகச் சொல்வாள். பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

இதற்கிடையில் குற்றால மலையில் மேகம் இறங்கத் தொடங்கியது. சாரல் கட்டிவிட்டால் அப்புறம் மாதக் கணக்கில் வானத்தை மறந்துவிட வேண்டியதுதான். ஊரே அருவியில் தண்ணீர் விழக் காத்திருக்க, அவள் சொன்னது வானத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும், இன்னும் ஒரே ஒரு நாள் பொறு என்று நான் மட்டும் மலையைக் கெஞ்சினேன்.

மருத்துவரிடம் போவதற்கு முந்தைய மாலை, தொலைநோக்கியைக் குழாய் முனைப் பக்கம் திருப்பிவைத்துக் கண்ணை ஒட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் அடங்கிய துண்டு வானத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாயிலிருந்து "இப்ப" என்றாள். பழக்கதோஷத்தில் நேரத்தை நோட்டில் குறித்தேன். மறுபடி "இப்ப". இப்படி ஆறு தடவை. கழித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நடுவே அறுபத்தேழு நொடி. கண் கோளாறு கடிகாரம் பார்த்து வராது.

தொலைநோக்கியை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய்ப் படுத்தேன். "முனையில இருந்து ரெண்டு விரக்கடை தெக்க பாருங்க" என்றாள். எண்ணிக்கொண்டே காத்திருந்தேன். அறுபத்தாறு, அறுபத்தேழு. பளிச்.

"பாத்தியளா?"

"பாத்துட்டேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

கீழே வந்து பட்டியலைத் தேடினேன். வெகு உயரத்தில் பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் ஓரிடத்தில் நிற்பதுபோலத் தெரியும், செத்துப்போன பழைய தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் அது. கட்டுப்பாடில்லாமல் புரள்கிறது, ஒவ்வொரு புரளலிலும், அந்த உயரத்தில் இரவிலும் அடிக்கும் வெயில் பட்டு மின்னுகிறது. எங்கோ ஒரு நாட்டுக்காரர் அதே அறுபத்தேழு நொடியைக் குறித்திருந்தார்.

மறுநாள் மருத்துவர் இரண்டு கண்ணிலும் குறையில்லை என்றார். திரும்பும்போது பாவூர்சத்திரம் தாண்டியதுமே பஸ் ஜன்னலில் சாரல் அடித்தது. ஷட்டரை இறக்க அவள் விடவில்லை.

அன்று சாயங்காலம் பட்டியலில் பதிய உட்கார்ந்தேன். பார்த்தவர் என்ற இடத்தில் கை தானாக என் பெயரை அடித்தது. பின்னால் நின்றவள், "முதல்ல பாத்தது யாரு?" என்றாள். அழித்துவிட்டு அவள் பெயரைப் போட்டேன். குறிப்பு என்று கீழே ஒரு கட்டம் இருந்தது. அதில், இருபத்தெட்டு வருடம் எழுதிய அதே நடையில், "அருகில் இருந்த நபர் மூன்று நாட்கள் நம்ப மறுத்தார்" என்று எழுதினேன்.