தவளைக்கு விட்ட இடம்

என் தங்கை பேபியின் கணவன் லோகநாதன் என்ன வேலை செய்கிறான் என்று யாராவது கேட்டால் "டி.டி.பி. சென்டர்" என்று சொல்லி முடித்துவிடுவேன். அது பாதி உண்மை. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்துக் கடையில், கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி மூன்றையும் முகத்தில் ஒரே பாவத்தோடு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். மீதிப் பாதியைச் சொல்ல ஆரம்பித்தால் கேட்டவர் பஸ்ஸைக் கோட்டை விட்டுவிடுவார்.

எனக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு சின்ன யூனிட். இரும்புப் பட்டையை வளைத்து, துளை போட்டு, பிராக்கெட் செய்து அனுப்புகிறோம். சரக்கு என்றால் என்ன என்பதில் எனக்குக் குழப்பமே கிடையாது. காலில் போட்டால் வலிக்க வேண்டும். லோகநாதன் செய்ததைக் காலில் போட முடியாது.

விஷயம் இதுதான். அப்போது தமிழ் எழுத்துரு விற்ற ஒவ்வொரு கம்பெனியும் எழுத்துகளுக்குத் தன் இஷ்டத்துக்கு எண் போட்டு வைத்திருந்தது. ஒருவர் 'அ'வை உட்கார வைத்த எண்ணில் இன்னொருவர் 'ஞு'வை உட்கார வைத்திருப்பார். ஒரு கடையில் அடித்ததை இன்னொரு கடையில் திறந்தால், மணமகன் இருக்க வேண்டிய இடத்தில் டாலர் குறியும் அரைப்புள்ளியும் நிற்கும். லோகநாதனுக்கு இது தாங்கவில்லை. ஒரு முறையில் அடித்ததை இன்னொரு முறைக்கு மாற்றுகிற நிரல் ஒன்றை எழுதினான். எழுதியவன் அதோடு சும்மா இருந்திருக்கலாம். இன்டர்நெட் வந்ததும் நிரலை முழுசாகத் திறந்து வைத்து, யாரும் எடுக்கலாம், திருத்தலாம், தப்பு இருந்தால் எழுதுங்கள் என்று அறிவித்துவிட்டான்.

எழுதினார்கள். டொரண்டோவிலிருந்து எழுதினார்கள், கோலாலம்பூரிலிருந்து எழுதினார்கள். "மதிப்பிற்குரிய முனைவர் லோகநாதன் அவர்களுக்கு" என்று ஆரம்பிக்கும். முனைவருக்கு பி.காமில் ஒரு பேப்பர் பாக்கி. புதிதாக ஓர் எழுத்துரு சந்தைக்கு வந்தால், எந்த எண்ணில் எந்த எழுத்து என்று அதற்கும் ஓர் அட்டவணை போடுவான். பழைய அட்டவணை எதையும் எடுக்க மாட்டான். கம்பெனியே மூடிப்போன எழுத்துருவுக்குக்கூட அவனிடம் அட்டவணை இருந்தது.

"உலகம் பூரா தேங்க்ஸ் சொல்லுது அண்ணா" என்பாள் பேபி. "இங்க கேஸ் புக் பண்ணத்தான் ஆள் இல்ல."

கங்கையம்மாள் கடைக்கு வந்தது தொண்ணூற்றேழில். சானடோரியம் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. வீடு இரும்புலியூர் ஏரிப் பக்கம். அவருடைய மகன் ஜெயவேலு ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் வேலை பார்த்தவன். தொண்ணூற்றிரண்டில் தண்டவாளத்தைத் தாண்டும்போது ரயில் அடித்து இறந்துபோனான். அது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவன் விட்டுப்போன பிளாப்பிகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தது யாருக்கும் தெரியாது. பழைய பெரிய சைஸ் பிளாப்பிகள். சிலவற்றில் பூஞ்சை பூத்திருந்தது.

"நீ எந்தக் கம்ப்யூட்டர் எழுத்தா இருந்தாலும் மாத்திடுவியாமே" என்றார் லோகநாதனிடம். "இத்த மாத்திக் குடு லோகு. இன்னா எழுதி வச்சிகீறான்னு நான் படிக்கணும்."

போட்டுப் பார்த்தான். எந்த அட்டவணைக்கும் அடங்கவில்லை. ஜெயவேலு கடையில் விற்கிற எழுத்துரு எதையும் வாங்கவில்லை, தனக்கென்று ஒன்றைத் தானே செய்துகொண்டிருக்கிறான். அதை வைத்திருந்த மெஷினைப் பயிற்சி நிலையம் எப்போதோ விற்றுவிட்டது. பிளாப்பியில் மிஞ்சியது வெறும் எண்கள். எந்த எண்ணில் எந்த எழுத்து என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் ஜெயவேலு.

"இதுல ஒண்ணும் இல்லன்னு சொல்லிடு மாப்ள" என்றேன் நான். "அந்தம்மாவுக்கு ஆசை காட்டாத."

"இருக்கு மச்சான். எல்லா ஃபைலும் ஒரே மாதிரி ஆரம்பிக்குது. ஒரே மாதிரி முடியுது."

நம் ஊரில் நோட்டீஸ் எழுதுகிறவன் யாராயிருந்தாலும் 'அன்புடையீர், வணக்கம்' என்று தொடங்காமல் இருக்க மாட்டான். 'இப்படிக்கு' என்று முடிக்காமலும் இருக்க மாட்டான். தலைபோகிற அவசரமானாலும் இந்த இரண்டுக்கும் நேரம் உண்டு. தினமும் இதையே அடித்துக்கொண்டிருந்த லோகநாதன் அந்த எண்களைப் பார்த்ததும் 'அன்புடையீர்' என்று படித்துவிட்டான். 'இப்படிக்கு'க்குக் கீழே வருவது ஜெயவேலுவாகத்தான் இருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு கைப்பிடி எழுத்துகள் கிடைத்தன. அவற்றை வைத்து மற்றவற்றை ஊகித்தான். வாரக்கணக்கில் ஆயிற்று. கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் என்னிடம் வந்து சண்டை போட்டார்கள்.

முதலில் வெளிவந்த காகிதம் இது:

"அன்புடையீர், வணக்கம். நமது வாலிபால் குழுவின் வலையை இரவல் வாங்கிச் சென்றவர் யாராயினும் உடனே திருப்பித் தரவும். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. ஏன் கிழிந்தது என்று கேட்க மாட்டோம். இப்படிக்கு, ஜெயவேலு."

கங்கையம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"அவனேதான்" என்றார். "இப்டித்தான் பேசுவான். வலைய எடுத்தது தெக்குத் தெரு பசங்க."

பிறகு அழுதார். இந்த மாதிரி இடங்களில் நிற்க எனக்குத் தெரியாது. வெளியே போய் எதிர்க்கடை போர்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது லோகநாதன் அவரிடம் ஒரு சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தான். ஜெயவேலு தன் பெயர் போட்ட இடத்திலெல்லாம் பெயரை அடுத்து ஓர் எண் வருகிறது. வேறெங்கும் அது வரவில்லை. எழுத்தாக இருக்க முடியாது. என்னவென்று தெரியுமா?

"தவள" என்றார் கங்கையம்மாள்.

மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் ஏறினால் அவர்கள் வீட்டுக்குள் தவளை வந்துவிடும். இவர் துடைப்பத்தால் தள்ளுவார், அவன் தூக்கி அடுப்படியில் விடுவான். எழுத்துப் பழகிய நாளிலிருந்து பெயர் எழுதினால் பக்கத்தில் ஒரு தவளை போடுவான். பள்ளிக்கூட சிலேட்டில், வீட்டுச் சுவரில், ரேஷன் கார்டின் பின்பக்கத்தில். கம்ப்யூட்டரில் சொந்தமாக எழுத்து செய்தவன் அதற்கும் ஓர் எண் ஒதுக்கியிருக்கிறான்.

லோகநாதன் தன்னிடமிருந்த எல்லா எழுத்துருவையும் தேடினான். தமிழர்கள் தங்களுக்குள் ஒத்துப்போன ஒரே விஷயம் தவளை வேண்டாம் என்பதுதான் போலிருக்கிறது. எதிலும் இல்லை. ஆகவே அந்த எண் வந்தால் நான்கு எழுத்து அகலத்துக்கு வெற்றிடம் விடும்படி அட்டவணையில் எழுதினான். நோட்டீஸில் கையொப்பம் காகிதத்தின் வலது ஓரத்தில் வரும். பெயருக்கும் ஓரத்துக்கும் நடுவே கொஞ்சம் இடம் காலியாக நின்றது. கங்கையம்மாள் மேஜையிலிருந்த பால்பாயின்ட் பேனாவை எடுத்து அதில் ஒரு தவளை போட்டார். இரண்டு முட்டைக்கண், ஒரு தொப்பை. பிறகு காகிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு ட்யூட்டிக்குப் போனார்.

மீதி எல்லாவற்றையும் அன்றைக்கே எடுத்துத் தருவதாக லோகநாதன் சொன்னான். அவர் ஒப்பவில்லை.

"ஒரே நாள்ல படிச்சிட்டா அப்பால இன்னா படிக்கிறது?"

ஆக, தோன்றும்போது ஒரு பிளாப்பியை எடுத்துக்கொண்டு வருவார். தண்ணீர் லாரி வரவில்லை என்று பஞ்சாயத்துத் தலைவருக்கு ஒரு விண்ணப்பம். கேரம் போர்டு பவுடரை யாரும் முகத்துக்குப் போடக் கூடாது என்று ஓர் எச்சரிக்கை. எல்லாவற்றிலும் இப்படிக்கு ஜெயவேலு, பக்கத்தில் இடம். இவர் தவளை போடுவார். லோகநாதன் அந்த அட்டவணைக்கு 'கங்கை' என்று பெயர் வைத்து மற்ற அட்டவணைகளோடு சேர்த்து வெளியிட்டான். உலகத்தில் அதற்கு ஒரே உபயோகஸ்தர்.

தொண்ணூற்றெட்டில் பட்டாபிராமன் வந்து சேர்ந்தார். நேரில் அல்ல, மெயிலில். சொந்த ஊர் மாம்பலம், வேலை நார்வேயில். கெட்டிக்காரர், நல்ல மனுஷர். நிரலைக் கூட்டிப் பெருக்கித் தருகிறேன் என்றார். லோகநாதன் எழுதிய நிரலை யாராவது கூட்டிப் பெருக்க வேண்டித்தான் இருந்தது. அவர் செய்த பத்துப் பன்னிரண்டு திருத்தங்களில் ஒன்று, வரிக் கடைசியில் வரும் வெற்றிடங்களை வெட்டி எறிவது. யாருக்கும் பயன்படாத வெற்றிடம், ஃபைலைத்தான் பெரிதாக்குகிறது என்று காரணம் எழுதியிருந்தார். நிரலைத் திருத்துகிறவர்களின் மெயில் குழுவில் எல்லோரும் பாராட்டினார்கள். லோகநாதனும் பாராட்டினான். அவனுக்கு அது உறைக்கவில்லை.

அடுத்த தடவை கங்கையம்மாள் வந்து, காகிதத்தை வாங்கி, பேனாவை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார்.

"எடம் இல்லியே லோகு."

ஜெயவேலுவின் பெயர் காகிதத்தின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கீழ போட்டுக்கோக்கா" என்றேன் நான். "எங்க போட்டா என்ன?"

"அது அவன் பேராண்டதான் குந்தும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி சொன்னார். காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, வாங்காமலே போய்விட்டார்.

லோகநாதன் நிரலைத் திறந்து தேடி, வரிக் கடைசி வெற்றிடத்தை வெட்டுகிற பட்டாபிராமனின் திருத்தத்தில் விரலை வைத்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"உன் மெஷின்ல மட்டும் பழையபடி மாத்திக்கோயேன் மாப்ள. நார்வேக்காரன்கிட்ட என்ன கேள்வி?"

"பூஞ்சை ஏறிக்கிட்டே இருக்கு மச்சான். நான் கடைய மூடிட்டேன்னு வை, இல்ல செத்துட்டேன்னு வை. அந்தம்மா வேற எவன் கடைக்குப் போய் நின்னாலும் அங்க இடம் இருக்கணும்."

என் யூனிட்டில் துளைக்கும் போல்ட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விடாமல் ஒருவன் துளை போட்டுவிட்டால் மொத்த லாட்டும் திரும்பி வரும். ஆகவே, அவன் சொன்னது எனக்குப் புரியாமலில்லை. எரிச்சல்தான் வந்தது.

குழுவுக்கு எழுதினான். பட்டாபிராமன் மரியாதையாகவே பதில் போட்டார். அந்த அட்டவணையைப் பயன்படுத்துகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். லோகநாதன் "ஒருவர்" என்று எழுதினான். ஒருவருக்காக விதியைத் தளர்த்தினால் நாளைக்கு ஆளுக்கொரு சலுகை கேட்பார்கள் என்றார் பட்டாபிராமன். வெற்றிடத்துக்குப் பதிலாக நட்சத்திரக் குறி போடலாமே என்று கோலாலம்பூர் சொன்னது. நட்சத்திரம் சரிப்படாது, கோடு போடலாம் என்று டொரண்டோ சொன்னது. நட்சத்திரமா கோடா என்று அவர்களுக்குள் தகராறு மூண்டது. கடைசியில் பட்டாபிராமனே, அந்த எண்ணில் அப்படி என்னதான் குறி இருந்தது என்று கேட்டார்.

லோகநாதன் மெயிலில் இரண்டு வரிக்குமேல் எழுதுகிற ஆள் இல்லை. இந்தத் தடவை நான்கு வாக்கியம் எழுதினான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். "அது ஒரு தவளை. போட்டவர் உயிரோடு இல்லை. இப்போது அவருடைய அம்மா பேனாவால் போடுகிறார். பேனாவுக்கு இடம் வேண்டும்."

நட்சத்திரமா கோடா என்ற தகராறு அதோடு நின்றது. சில நாள் கழித்துப் பட்டாபிராமனிடமிருந்து புதிய பதிப்பு வந்தது. மெயிலில் வணக்கம்கூட எழுதவில்லை. 'கங்கை' அட்டவணை வந்தால் வெற்றிடத்தை வெட்டாதபடி செய்திருந்தார். அந்த இடத்தில் குறிப்பு ஒன்றும் வைத்திருந்தார்: "தவளைக்கான இடம். யாரும் எடுக்கக் கூடாது." அதோடு, நிரலை யார் திருத்தினாலும் வெளியிடுவதற்குமுன் சோதனைக்கு ஓட்ட வேண்டிய ஃபைல்களில் ஜெயவேலுவின் வாலிபால் நோட்டீஸையும் சேர்த்துவிட்டார். இரும்புலியூருக்கு அந்த வலை திரும்பி வரவேயில்லை. நார்வேயில் மட்டும், பட்டாபிராமன் ஏதாவது மாற்றும்போதெல்லாம், அதைத் திருப்பித் தரச் சொல்லி நோட்டீஸ் வந்துகொண்டிருந்தது.

காகிதத்தை மறுபடி அச்சடித்து நானே சானடோரியத்துக்கு எடுத்துப் போய்க் கொடுத்தேன். கங்கையம்மாள் பெயருக்குப் பக்கத்தில் விரலை வைத்து இடத்தை அளந்து பார்த்துவிட்டு, என் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டார். அதைத் திருப்பித் தரவில்லை.

தொண்ணூற்றொன்பதில் கடைக்குப் புது மெஷின் வந்தது. அதில் பெரிய பிளாப்பியைப் போட வழியில்லை. பழைய மெஷினை ஓரமாக நிறுத்தியிருந்தான் லோகநாதன். கஸ்டமர் உட்காரும் இடத்தை அது அடைத்துக்கொண்டிருந்தது. தூக்கிப் போடு என்று நான் ஒரு மாதம் கத்தினேன். பிறகு யூனிட்டில் இரண்டு பிராக்கெட் அடித்துக் கொண்டுவந்து, அந்த மெஷினைச் சுவரில் ஏற்றினேன். டப்பாவில் கடைசியாக ஒரு பிளாப்பி பாக்கி இருந்தது, அதற்காகத்தான்.

அது வரவில்லை. கங்கையம்மாள் ட்யூட்டிக்குப் போகும்போதும் வரும்போதும் கடையைத் தாண்டித்தான் போவார். ஒரு நாள் லோகநாதன் வாசலுக்கு வந்தே கேட்டுவிட்டான்.

"பூஞ்சை ஏறிடப் போவுதுக்கா. அந்தக் கடைசி பிளாப்பியக் கொண்டாந்துடுங்களேன்."

"இர்க்கட்டும் லோகு" என்றார் கங்கையம்மாள். "அவன் இன்னும் பேசி முடிக்கல."

லோகநாதன் உள்ளே வந்து, ஸ்டூல்மேல் ஏறி, பழைய மெஷினைத் துணியால் துடைத்து மூடினான்.