நான் அணைத்த எச்சரிக்கை விளக்கு

ஸ்ரீராம்புரத்தில் கார் மெக்கானிக்காக இருக்கும் நான் செய்த அயோக்கியத்தனம் இது. வண்டி இன்னும் சீறவேண்டும் என்று வாடிக்கையாக வரும் முரளி கேட்டான். இன்ஜினுக்குள் கூடுதல் காற்று போக, காற்றை அளக்கும் சென்சாரைப் பெரிய குழாயில் மாட்டினேன். அப்படி மாட்டினால் அது காற்றைக் குறைத்துக் காட்டும். அதை நம்பி பெட்ரோலும் குறைவாகப் பாயும், இன்ஜின் கொதித்துச் சாகும். அதற்கேற்ப பெட்ரோல் அளவை வைக்கும் டியூனிங்கையும் மாற்றியிருக்க வேண்டும். சோம்பலில் விட்டேன். எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அதையும் எரியாதபடி செய்தேன்.

“டொக் டொக்குனு கேக்குதுண்ணா,” என்றான் முரளி, வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு.

“பாட்டைச் சத்தமா வை மச்சி, கேக்காது.”

மறுநாள் அத்திபெலே மேம்பாலத்தில் இன்ஜின் செத்தது. பின்சீட்டில் அவன் கைக்குழந்தை. பின்னால் வந்த லாரி ஒரு முழம் தள்ளி நின்றதாம்.

“விளக்கு எரிஞ்சிருந்தா ஓரம் கட்டியிருப்பேண்ணா,” என்றான் போனில். என்னைத் திட்டவே இல்லை.

இன்னொருவன் வண்டிக்கும் இதையே செய்திருக்கிறேன். காலையிலிருந்து கூப்பிடுகிறேன். அவன் போனை எடுக்கவில்லை.