நங்கூரச் சங்கிலி

மதுரைக்காரனுக்குப் பாய்ப்படகு எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு படகின் உடைந்த இன்ஜின் ஷாஃப்ட் வேலைக்கு வந்தது. அதைச் சரிசெய்து பொருத்தப் போனவன் படகையே விலைபேசிவிட்டுத் திரும்பினேன். முப்பது வயதான படகு. பந்தயத்துக்குச் செய்ததல்ல; நாலு பேர் உள்ளேயே சமைத்துச் சாப்பிட்டு, படுத்துத் தூங்கி, ஊர் ஊராகப் போவதற்குச் செய்தது. அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மெத்தை எல்லாம் உண்டு.

அங்கிருந்த சின்ன கிளப்பில் மாதம் ஒரு பந்தயம். புதுப் படகும் பழைய படகும் சேர்ந்தே ஓடும். கனமான படகுக்கு ஹேண்டிகேப் என்று ஒரு சலுகை; ஓடிய நேரத்தில் இத்தனை நிமிடம் என்று கழித்துவிடுவார்கள். கடைசியில் வந்து சேர்ந்தவன்கூட முதல் பரிசு வாங்கலாம். ஒரே நிபந்தனை, சலுகையை முடிவுசெய்தபோது படகில் என்னென்ன இருந்ததோ அத்தனையும் பந்தயத்திலும் இருக்க வேண்டும். யாரும் ஏறிப் பார்க்க மாட்டார்கள். சொன்ன சொல்லை நம்புவார்கள்.

என்னோடு படகேறியவர் திருநகரில் அடுத்த தெருக்காரர். மிஷன் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். ஞாயிறு காலை ஆராதனைக்கு ஊரில் இருந்தாக வேண்டும் என்பதால் சனிக்கிழமைப் பந்தயம் அவருக்குத் தோதாக இருந்தது. முதல் வருடம் நாலாவது, ஐந்தாவது என்றே வந்தோம். ஒருமுறை பதினோரு விநாடியில் பரிசு போனது. அவர் சிரித்தார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதன்பின் படகின் கனத்தைக் குறைக்க ஒவ்வொன்றாக இறக்கினேன். முதலில் மெத்தை.

"மெத்தையைக் காணோமேண்ணே?"

"காயப் போட்டிருக்கேன் சார்."

பிறகு அடுப்பு. கடைசியாக, ஒரு வேலைநாளில் தனியாகப் போய், நங்கூரத்தின் சங்கிலியைக் கழற்றிக் கார் டிக்கியில் போட்டுப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். நாற்பது கிலோ இருக்கும். அதற்குப் பதிலாக நங்கூரத்தில் ஒரு கயிற்றைக் கட்டிவைத்தேன்.

தொடர்ந்து மூன்று பந்தயம் ஜெயித்தோம். ஆசிரியர் கோப்பையை வகுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டினார். "பழைய படகுதான், ஆனா காத்தைப் பாத்துப் பாத்து ஓட்டி ஜெயிச்சோம்னு பிள்ளைகட்ட சொன்னேண்ணே. அம்புட்டு பேரும் கை தட்டுனாங்க" என்றார். "ஆமா சார்" என்றேன்.

நாலாவது பந்தயத்தில் முடிவெல்லையைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் காற்று சுத்தமாக விழுந்துவிட்டது. நீரோட்டம் படகைப் பாறைத் திட்டுப் பக்கம் இழுத்தது. இன்ஜினை முடுக்கினேன், இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. ஆசிரியர் முன்பக்கம் ஓடினார்.

"நங்கூரத்தப் போட்டுருறேண்ணே!"

அவர் நங்கூரப் பெட்டியைத் திறந்து, கயிற்றைக் கையில் எடுத்து, ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நங்கூரத்தை வீசினார். சங்கிலியின் கனம்தான் நங்கூரத்தைத் தரையோடு அழுத்திப் பிடிக்க வைக்கும். வெறும் கயிற்றில் அது மணலைக் கீறிக்கொண்டே கூட வந்தது. படகு பாறையில் மோதியபோது அவர் வலது கை மடங்க விழுந்தார். சுக்கான் முறிந்தது.

கிளப் செயலாளர்தான் தன் படகில் வந்து எங்களுக்குக் கயிறு வீசினார். மூன்று முறையும் எங்களிடம் தோற்று இரண்டாவதாக வந்தவர் அவர். எங்கள் நங்கூரத்தைப் பார்த்துவிட்டு, "சங்கிலி என்னாச்சு?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஆசிரியர், கையை மார்போடு அணைத்தபடி, "துரு எடுக்கக் குடுத்திருக்கோம் சார்" என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கரையிலேயே ஒரு மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டோம். காரில் ஊர் திரும்பினோம். திருப்பரங்குன்றம் தாண்டும்போது கேட்டார்.

"எப்ப இருந்துண்ணே?"

"நாலு மாசமா."

"பிள்ளைகட்ட நான் என்னத்தச் சொல்ல?"

வீட்டு வாசலில் இறங்கியவர், கதவை இடது கையால் மெல்லச் சாத்திவிட்டுப் போனார். அறைந்து சாத்தியிருக்கலாம்.

கிளப்புக்குக் கடிதம் எழுத எனக்கு இரண்டு வாரம் ஆனது. நாலு முறை எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியதிலெல்லாம் 'கவனக்குறைவு' என்றொரு சொல் இருந்தது. கடைசியில் அதை எடுத்துவிட்டு, கோப்பைகளோடு நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். செயலாளர் கடிதத்தைப் பிரிக்கவே இல்லை.

"தெரியும். சார் அன்னைக்குச் சாயங்காலமே போன் போட்டாரு. 'துருன்னு நான் சொன்னது பொய், மன்னிச்சிருங்க'ன்னாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லல. மிச்சத்த நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தோம்."

இரண்டு வாரமாக அத்தனை பேரும் எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். அந்த வருடம் முழுக்கப் பந்தயத்தில் சேரக் கூடாது என்றார்கள். அதைக் கேட்டதும் ஒருவித நிம்மதிகூட வந்தது.

ஒரு மாதம் கழித்து ஆசிரியர் வீட்டுக்கும் போனேன். அவர் மனைவி காபி கொடுத்தார். எப்போதும் கேட்பதுபோலப் பட்டறையைப் பற்றிக் கேட்டார். கட்டுப் பிரித்த கையை ஆசிரியர் மெல்ல மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். வகுப்பில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாராம்.

"என்னைய என்னன்னு சொன்னீக சார்?"

"பேரு சொல்லல. கூட வந்தவருன்னுதான் சொன்னேன்" என்றார். கையை மடக்கி நீட்டுவதை நிறுத்திவிட்டு, "ஆனா பிள்ளைகளுக்குத் தெரியும்ணே" என்றார்.

இப்போதும் பள்ளி விடும் நேரத்தில் அந்தப் பள்ளித் தெரு வழியாக நான் வண்டியைத் திருப்புவதில்லை.