பெரியப்பாவின் முதல் ஆதாரம்

என் பெரியப்பா சூளைக்காரர். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனி ஒன்றில் சூளை முழுக்க அவர் பொறுப்பு. எத்தனை மணிக்கு நெருப்பு வைத்தது, எப்போது அணைத்தது, எத்தனை பொம்மை வெடித்தது என்று எல்லாவற்றையும் ஒரு ரிஜிஸ்டரில் எழுதிவைப்பார். எங்கள் வேதமான பைபிளுக்கு அடுத்தபடியாக அவர் நம்பியது அந்த ரிஜிஸ்டரைத்தான். நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம், இந்த இரண்டு நம்பிக்கையையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு காரியத்தில் இறங்கினார். அதில் நானும் கூட்டு.

ஆரம்பித்துவைத்தவர் எங்கள் சபைக்குப் புதிதாக வந்த இளம் பாஸ்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவே, சுவிசேஷங்களில் சில, எருசலேம் தேவாலயம் எரிக்கப்பட்ட பிறகு எழுதப்பட்டிருக்கலாம் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டார். அப்படியானால் எல்லாம் நடந்து வெகுகாலம் கழித்து எழுதியது என்று ஆகிவிடும், பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் நேரே அவரிடம் போனார்.

"இல்லீங்க ஐயா. அதுக்கு முன்னாடியே எழுதியாச்சு. நான் காட்டுறேன்" என்றார்.

பாஸ்டர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே, அடுத்த மாதக் கடைசி ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு பேச அரை மணி நேரம் ஒதுக்கித் தந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை பெரியப்பாவுக்குச் சொந்தமாகிவிட்டது. அவர் வீடு பக்கத்து வாசல்தான். ஆனால் எழுத நான் வேண்டும், என் கையெழுத்துதான் அவருக்குப் பிடித்தது. நோட்டின் நடுவே கோடு போட்டோம். இடது பக்கம், அந்தக் காலத்து யூத சரித்திரக்காரர் ஒருவர் எழுதிவைத்தது. வலது பக்கம், வேதம் சொல்வது. சரித்திரக்காரரின் தடித்த புத்தகத்தைப் பாண்டிச்சேரியில் யாரிடமோ இரவல் வாங்கி வந்திருந்தார். ராஜாக்கள், கவர்னர்கள், ஒரு பஞ்சம், இரண்டு கலகக்காரர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். ஒத்துப்போனால் நான் டிக் போடுவேன். ஒத்துப்போகாத இடங்களில் பென்சிலால் மட்டும் போடச் சொல்வார்.

மொத்தம் ஏழு ஆதாரம் சேர்ந்தது. முதலாவதுதான் அவருக்கு உயிர். தேவாலயம் எரிந்ததைச் சரித்திரக்காரர் கண்ணால் பார்த்துப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். சுவிசேஷம் ஒன்றையும் அதன் தொடர்ச்சியாக அப்போஸ்தலர்களின் கதையையும் எழுதியவரோ, கப்பல் உடைந்தபோது அதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைக்கூட விடாமல் எழுதியவர், தேவாலயம் எரிந்ததைப் பற்றி மூச்சு விடவில்லை. ஏன்?

"சூள வெடிச்ச அன்னிக்கு ரிஜிஸ்டர்ல எவனாவது டீ நல்லா இருந்துச்சுன்னு எழுதுவானா பாப்பா? சூள வெடிச்சுதுன்னுதான் மொத வரி இருக்கும். எழுதலன்னா இன்னும் வெடிக்கல. தேவாலயமும் அப்படித்தான், அவரு எழுதுறப்ப இன்னும் எரியல. அவ்ளோதான்" என்றார் பெரியப்பா.

எனக்கு அது பிரமாதமாகப் பட்டது. இன்றும் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த மாதம்தான் அத்தையின் கடிதம் வந்தது. அத்தை, அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. சேத்தியாத்தோப்புப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள், குழந்தை இல்லை. அப்போது அவர்கள் வீட்டிலும் போன் இல்லை, எங்கள் வீட்டிலும் இல்லை. இன்லண்ட் லெட்டரில் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தார். ஞாயிறு ஆராதனைக்குப் போய்த் திரும்புகிற வழியில் பெருமழை பிடித்துக்கொண்டதாம். ரோட்டில் தூங்குமூஞ்சி மரம் ஒன்று சாய்ந்து, பஸ்ஸெல்லாம் நின்றுவிட்டதாம். தெருவில் முழங்கால் தண்ணீராம். எல்லாரும் சுகமா என்று முடித்திருந்தார்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் அப்பா சாப்பிட வந்தவர் தட்டில் கை வைக்கவில்லை. கொலு சீசனுக்குப் பொம்மை எடுக்கக் கம்பெனிக்கு வந்த சேத்தியாத்தோப்பு வியாபாரி ஒருவர் அவரிடம், "உங்க மாப்ள ஊர்ல இல்லீங்களே. போயி ஒன்றர மாசம் ஆவுது. திருப்பூர்ல வேற குடும்பம்னு பேசிக்கிறாங்க" என்று சொல்லியிருக்கிறார்.

பெரியப்பாவை அழைத்துவந்தேன். அண்ணனும் தம்பியும் கூடிப் பேசினார்கள். போய்ப் பார்க்கலாம், ஆனால் அது பொய்யாக இருந்துவிட்டால்?

"வூட்டுல மாப்ள நிக்கிறப்ப, ஓடிட்டீங்களாமேன்னு கேக்க முடியுமாண்ணே? அப்பறம் தங்கச்சி அந்த வூட்டுல எப்படி இருக்கும்?" என்றார் அப்பா.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "அத்தை லெட்டர்ல அப்படி எதுவும் எழுதலியே பெரியப்பா. போயிருந்தா அதுதான மொத வரி?" என்றேன்.

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது. ஆனாலும் நியாயமானவர். "லெட்டரு எப்ப எழுதினதுன்னு தெரியணுமே. அவரு போறதுக்கு முன்னாடி எழுதியிருந்தா?"

கடிதத்தில் தேதி இல்லை. தபால் முத்திரை கறுப்பாக அப்பிக் கிடந்தது. நான் விடவில்லை. பொம்மை சுற்றுவதற்காகக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பழைய பேப்பர் கட்டு ஒன்று கட்டிலுக்கடியில் இருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து, மேலிருந்து கீழாகப் படித்து, கடைசியில் பிடித்துவிட்டேன். பத்து நாளைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பலத்த மழை, சேத்தியாத்தோப்பு ரோட்டில் மரம் சாய்ந்து போக்குவரத்து நிறுத்தம். பேப்பர்தான் சரித்திரக்காரர். கடிதம் மழைக்குப் பிறகு எழுதியது. மாமா போனதாகச் சொல்வதோ அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால். கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. ஆகவே மாமா போகவில்லை.

"பேப்பரும் லெட்டரும் ஒத்துப்போவுது. யாவாரி பேச்சுதான் ஒத்துப்போவல" என்று பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். என் தலையில் கை வைத்தார். அப்பா சோற்றைப் பிசைந்தார்.

அம்மா மட்டும் கடிதத்தை வாங்கி மறுபடி படித்தாள். "எல்லாரும் சொகமான்னு கேட்டுருக்கு. அவரு சொகம்னு ஒரு வார்த்த இல்ல பாருங்க. எதுக்கும் ஒரு எட்டு போயி பாத்துட்டு வாங்களேன்" என்றாள். இத்தனை ஆதாரத்துக்கு முன்னால் அம்மாவின் பேச்சு எடுபடவில்லை. யாரும் போகவில்லை. அடுத்த இரண்டு வாரம் நான் தெருவில் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

தன் பேச்சுக்குத் தங்கையையும் மாப்பிள்ளையையும் நேரில் அழைக்க வேண்டும் என்று பெரியப்பாவுக்கு ஆசை. அதற்காகத்தான் ஒரு சனிக்கிழமை கிளம்பினார். நோட்டைக் காட்ட நான். அம்மா கேட்காமலேயே கூட வந்தாள்.

அத்தை கதவைத் திறந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை, அப்படி இளைத்திருந்தார். வாசலில் மாமாவின் சைக்கிள் இல்லை. கொடியில் அவர் சட்டை ஒன்றுகூட இல்லை. "மாப்ள எங்கம்மா?" என்று பெரியப்பா கேட்டார். அத்தை தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அம்மா அவர் கையைப் பிடித்தாள். அத்தை அழவில்லை. அம்மாதான் அழுதாள்.

எனக்கு வந்ததோ கோபம். அவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்தது பாழாய்ப்போயிற்றே.

"லெட்டர்ல ஏன் அத்தை இத எழுதல?" என்று கேட்டேன்.

"எழுதணும்னுதான் உக்காந்தேன் கண்ணு. வெளிய ஒரே தண்ணியாக் கெடந்துச்சு. அத எழுதினேன். எடம் தீந்துபோச்சு" என்றார் அத்தை.

பெரியப்பா தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "துணிய எடுத்து வைம்மா. வூட்டுக்குப் போலாம்" என்றார். அன்றே அத்தையை எங்களோடு பஸ்ஸில் அழைத்துவந்தோம்.

பேச்சு நாளும் வந்தது. பெரியப்பா கணீரென்று பேசினார். கவர்னர்களை வரிசையாக நிறுத்தினார், பஞ்சத்தைச் சொன்னார், பாஸ்டரே இரண்டு தடவை தலையாட்டினார். நான் பெண்கள் பக்கம் அத்தையோடு உட்கார்ந்து, நோட்டில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தேன். ஆறு ஆதாரம் ஆயிற்று. "இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

எனக்குப் பதறியது. எழுந்து நின்று, "பெரியப்பா, மொத ஆதாரத்த வுட்டுட்டீங்க. தேவாலயம் எரிஞ்சத எழுதலியே, அது" என்றேன்.

சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் இருந்த அத்தையைப் பார்த்தார்.

"அது ஆதாரம் இல்ல பாப்பா. உக்காரு" என்றார்.

அத்தை என் கையைப் பிடித்து மெதுவாக இழுத்து உட்காரவைத்தார். ஜெபம் முடியும்வரை விடவே இல்லை. கடைசி நேரத்தில் பெரியப்பா பாஸ்டருக்குப் பயந்துவிட்டார் என்று நினைத்து, எனக்கு அவமானமாக இருந்தது.