அசல் பீடோருக்குப் போனது

ஈப்போவில் சினிமாவுக்கு மீன் வாசனை உண்டு. நான் கல்யாணமாகிக் கடல் தாண்டி இங்கே வந்து சேர்ந்த முதல் வாரத்தில், பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்ற மீன் வண்டியிலிருந்து அரைக் கிலோ மீனும் ஒரு படமும் வாங்கிக்கொண்டு உள்ளே போனதைப் பார்த்தேன். படம் என்றால் சுவரில் மாட்டுகிற படம் இல்லை. மூன்று மணி நேரம் ஓடுகிற சினிமாப் படம், ஒரு கறுப்புப் பெட்டிக்குள் சுருண்டு கிடப்பது. வண்டிக்காரர் சின்னையா அண்ணன் ஹுத்தான் மெலிந்தாங் என்கிற மீன்பிடி ஊரிலிருந்து காலையில் மீன் கொண்டுவருவார். திரும்பிப் போகும்போது வழியிலுள்ள ரப்பர் தோட்டங்களுக்கெல்லாம் வீடியோ கேசட் கொடுத்துவிட்டுப் போவார். ஐஸ் பெட்டிக்கு மேல் தகரப் பெட்டி. கீழே மீன், மேலே படம். இதைத் திண்டுக்கல்லில் இருந்த என் தங்கை மல்லிகாவுக்கு எழுதினேன். "உங்க ஊர்ல படத்தைச் செதில் எடுத்துட்டுத்தான் பாப்பீங்களா?" என்று பதில் போட்டிருந்தாள்.

அவள் கேலி செய்ததில் தப்பில்லை. எங்கள் வீட்டில் படம் என்பது அவ்வளவு லேசான பொருள் கிடையாது. அப்பா படக் கம்பெனி ரெப். விநியோகஸ்தர் சார்பில் படப்பெட்டியோடு ஊர் ஊராகப் போய், தியேட்டரில் படம் ஓடி முடிகிறவரை கூடவே இருந்து, பெட்டியைத் திருப்பிக் கொண்டுவருகிற வேலை. பஸ் கூரையில் பெட்டியை ஏற்றினால் இறங்கும்வரை நாலு தடவையாவது ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார். பெட்டி வராவிட்டால் படம் இல்லை. வெளியே கூட்டம் கத்தும், தியேட்டர்காரர் கை பிசைவார், அப்பா தகரப் பெட்டியோடு வந்து இறங்கினால் கல்யாண மாப்பிள்ளைக்குக் கிடைக்கிற வரவேற்பு கிடைக்கும். "கையில இருந்தாத்தான் படம். மத்ததெல்லாம் பேச்சு" என்பார். அப்படிப்பட்டவருடைய மகள் வந்து விழுந்த ஊரில், படம் மீனோடு ஒரே பையில் போகிறது.

இரண்டாம் வருடம் நானே ஒரு வீடியோ கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி மாரி அண்ணன், தோட்டத்தில் பிறந்து டவுனுக்கு வந்தவர். கேசட்டுகளுக்குத் தமிழில் பெயர் எழுத நல்ல கையெழுத்து வேண்டும் என்றார். முதல் நாள் காலையில் ஒரு கேசட்டை மேசையில் வைத்து, "தங்கச்சி, ரெண்டு காப்பி போட்டு வைங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நான் பின்கட்டுக்குப் போய் தண்ணீர் கொதிக்க வைத்து, பால் ஊற்றி, நுரை பொங்க இரண்டு காப்பி போட்டு வைத்தேன். அவர் வந்து இரண்டு தம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது கோப்பி தங்கச்சி. நான் கேட்டது காப்பி" என்றார். குடிக்கிறது இங்கே கோப்பி. காப்பி என்றால் நகல். இரண்டு டெக்கை ஒயரால் இணைத்து, ஒன்றில் அசலை ஓடவிட்டு, மற்றதில் வெறும் கேசட்டைப் போட்டு, சிவப்பு விளக்கு எரியப் பதிவு செய்வது.

அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே அன்று முழுவதும் உட்கார்ந்திருந்தேன். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு முழுப் படமும் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. "அசல்ல ஒண்ணும் கொறஞ்சு போகாதா அண்ணே?" என்று கேட்டேன். "அசல் கொறையாதுலா. காப்பிதான் மங்கும். காப்பிக்குக் காப்பி எடுத்தா ஹீரோயினுக்கு மூக்கே இருக்காது" என்றார்.

வீட்டில் இன்னொரு வித்தை நடந்தது. ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலை பார்க்கிற என் கணவர், தொலைக்காட்சியில் வாரம் ஒரு முறை வருகிற தமிழ்ப் படத்தை விளம்பரத்தோடு சேர்த்துப் பதிவு செய்வார். யாரும் தூக்கி வரவில்லை, பெட்டி இல்லை, பஸ் இல்லை. காற்றில் வருகிறது, பொத்தானை அழுத்தினால் நம்முடையது. அடுத்த வாரம் அதே கேசட்டில் அடுத்த படம். போன வாரப் படம் இருந்த இடம் தெரியாது. "சும்மா வர்றதை எதுக்குச் சேத்து வைக்கணும்? மறுபடி வரும்" என்பார். எனக்கு மனசு கேட்காது. கையில் இருந்ததை நாமே அழிப்பதா? இதற்காக நாங்கள் போட்ட சண்டைகளைக் கேட்டு பக்கத்து வீட்டு அக்கா சிரிப்பார்.

மல்லிகாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நான் எட்டு மாதக் கர்ப்பிணி. விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடியோ என்றாலே முகம் சுளிக்கிற அப்பா, எனக்காகவே ஒரு கேமராக்காரரைப் பிடித்துக் கல்யாணத்தை எடுக்க வைத்தார். மகள் பிறந்து நாற்பது நாள் கழித்து, ஊரிலிருந்து வந்த ஒருவர் கையில் கேசட் வந்து சேர்ந்தது. எங்கள் லோரோங்கே, அதாவது சந்தே, வீட்டில் கூடிவிட்டது. தாலி கட்டியபோது நான் அழுதேன். பந்தியில் எங்கள் சித்தப்பா இரண்டாம் முறை உட்கார்ந்தபோது எல்லோரும் சிரித்தோம். பந்தி முடிந்து திரை கறுத்தது. எல்லோரும் எழுந்தார்கள், நானும் நிறுத்தினேன்.

மறுநாளே கடையில் ஒரு காப்பி எடுத்தேன், திரை கறுத்த இடம் வரைக்கும். ரெப்பின் மகள் அல்லவா, வீட்டில் பார்ப்பதற்குக் காப்பி, அசலைப் பத்திரமாக வைக்க வேண்டும். வீட்டில் வைத்தால் அதன் மேல் இவர் படம் பிடித்துவிடுவார் என்று பயம். அதனால் கடை அலமாரியின் மேல் தட்டில், வருடக்கணக்காக யாருமே கேட்காத ஒரு பழைய சாமி படத்தின் உறைக்குள் அசலை ஒளித்து வைத்தேன். அந்த உறைக்கு உரிய சாமி கேசட்டை என் மேசை இழுப்பறையில் போட்டேன். மாரி அண்ணனிடம் சொல்ல மறந்துவிட்டேன். என் புத்திசாலித்தனத்தில் எனக்கு அவ்வளவு திருப்தி.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை பார்க்கிறேன், உறையைக் காணோம்.

"அந்தச் சாமி படமா? பீடோருக்குப் போச்சு" என்றார் மாரி அண்ணன். "தோட்டத்துல திருவிழா வருதாம். சாமி படம் வேணும்னாங்க. செவ்வாக்கிழமை சின்னையாகிட்டக் கொடுத்தேன்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கேசட்டின் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் காது உண்டு. அதை உடைத்துவிட்டால் மேலே எதையும் பதிவு செய்ய முடியாது. கடைக் கேசட்டுகளில் எல்லாம் உடைப்பவள், என் தங்கை கல்யாணத்தில் உடைக்கவில்லை. அன்று மாலை தொலைக்காட்சியில் தமிழ்ப் படம். தோட்டத்தில் யாராவது, "இது சாமி படம் இல்லலா" என்று சலித்து, அதிலேயே அந்தப் படத்தைப் பிடித்துவிட்டால்? குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு பீடோர் பஸ்ஸில் ஏறினேன். வழி நெடுக, மல்லிகாவின் கழுத்தில் தாலி ஏறுகிற இடத்தில் சலவைத்தூள் விளம்பரம் வந்து வந்து போனது.

பீடோரிலிருந்து தோட்டத்துக்கு டாக்சி. தொழிலாளர்களின் லயத்து வீடுகளைத் தாண்டி, ரப்பர் பால்மரங்களுக்குப் பக்கத்தில் ஒரு பலகை மண்டபம். உள்ளே இருபது முப்பது பேர், பெண்களும் பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவருகே போனதும் நாதஸ்வரம் கேட்டது. எங்கள் ஊர் நாதஸ்வரம். கல்யாணம் அழியவில்லை. மண்டபச் சாவி வைத்திருந்த லெட்சுமி அக்கா, காலையில் பால் வெட்டிவிட்டு வந்த சட்டையோடு எழுந்து வந்தார். யாரென்று சொன்னேன்.

"வீடியோ கடை அக்காவா? ஒங்க வீட்டுக் கல்யாணமா இது?" அவர் முகம் மலர்ந்தது. "சாமி படம்னு போட்டோம்லா. மொதல்ல சாமிக்குத்தான் கல்யாணம்னு நெனச்சோம். அப்புறம் பாத்தா மாப்பிள்ள கைல வாட்ச் கட்டியிருக்காரு."

மண்டபமே சிரித்தது. கேசட் வந்ததிலிருந்து அன்றைக்கு நாலாவது தடவையாகப் பார்க்கிறார்களாம்.

"அந்த மாப்பிள்ள ஏன்க்கா சிரிக்கவே மாட்டேங்கிறாரு?"

"ரெண்டு பந்தியில சாப்டாரே ஒருத்தர், அவரு யாரு?"

"பொண்ணு இப்ப சந்தோஷமா இருக்குதா?"

நான் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். மல்லிகாவைப் பற்றி இவ்வளவு பேர் என்னிடம் விசாரித்தது, இந்த நாட்டுக்கு வந்தபிறகு அதுதான் முதல் தடவை.

"ஒங்கப்பா பேசுறப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு" என்றார் லெட்சுமி அக்கா.

"எங்கப்பா எங்க பேசுறாரு?"

"கடைசில. நீங்க பாக்கலியா?"

பந்தி முடிந்து திரை கறுத்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. அவர்கள் முதல் நாள் பார்த்தபோது கையில் தட்டோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம், நிறுத்த யாரும் எழவில்லை. ஐந்து நிமிடக் கறுப்புக்குப் பிறகு திடீரென்று வெளிச்சம். காலியான பந்திப் பாய்கள். கடைசி இலையில் அப்பா மட்டும் உட்கார்ந்து சாப்பிடுகிறார். நிமிர்ந்து கேமராக்காரரைப் பார்த்து, "இது ஓடுதா?" என்கிறார். ஓடுகிறது என்று குரல் வருகிறது. தோளில் கிடந்த துண்டால் வாயைத் துடைத்துக்கொள்கிறார்.

"தேவகி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சது. சாப்பாடு பரவாயில்ல. ஜாங்கிரி ஆளுக்கு ஒண்ணுதான் போட்டாங்க. நீ இருந்திருந்தா எனக்கு இன்னொண்ணு வச்சிருப்ப." துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, "அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல" என்று இலையைப் பார்த்துக் குனிந்துகொள்கிறார். அதோடு திரையில் வெறும் புள்ளிகள் பொரிந்தன.

பத்திரம் பத்திரம் என்று நான் ஒளித்து வைத்த அசலில் இது இருந்திருக்கிறது. வீட்டில் என்னிடம் இருந்த காப்பியில் இது இல்லை. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். லெட்சுமி அக்கா ஒரு குவளை கோப்பி கொண்டுவந்து கொடுத்தார்.

கொஞ்சம் தேறியதும், இந்த முறை முழுசாக ஒரு காப்பி எடுத்து அவர்களுக்கே அனுப்புவதாகச் சொன்னேன். சின்னப் பிள்ளைகள் கை தட்டினார்கள். கிளம்பும் முன் லெட்சுமி அக்கா கேசட்டைப் பந்தி வரும் இடத்துக்குத் திருப்பினார்.

"நாங்க தினமும் தேடுவோம், ஒங்கப்பா ஆசையா பேர் சொல்ற அந்தத் தேவகி யாருன்னு. கடைசில கண்டுபிடிச்சிட்டோம். இந்தா, பச்சச் சேல கட்டிக்கிட்டு தண்ணி ஊத்துது. இது நீங்கதானே?"

"அவரு, 'நீ இருந்திருந்தா'ன்னுல்ல சொல்றாரு?" என்றாள் ஒரு பெண்.

"அது கடைசிப் பந்தியப்ப பக்கத்துல இருந்திருந்தான்னு அர்த்தம்லா. வேலையா இருந்திருக்கும் பாவம்" என்றார் லெட்சுமி அக்கா.

திரையில் இருந்தது என் அத்தை மகள் செல்வி. என்னைவிட ஒரு பிடி உயரம், நல்ல நிறம். இருபது முப்பது முகங்கள் என்னையும் திரையையும் ஆவலாகப் பார்த்தன.

"ஆமா, நான்தான்" என்றேன்.

திண்டுக்கல் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் நான் கிடையாது. ஆனால் பீடோர் பக்கத்துத் தோட்டத்தில், அந்தப் பலகை மண்டபத்தில், திருவிழாவுக்குத் திருவிழா நான் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, இலை இலையாகக் குனிந்து, தங்கை கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.