மூக்கு மோகினி

நசினுவில் அவளை மூக்கு மோகினி என்பார்கள். கைக்குழந்தைகளின் மூக்கில் மெல்லிய பஞ்சுக்குச்சியை விட்டு, உள்ளே குடியிருக்கும் நிமோனியாக் கிருமியைத் தொட்டெடுத்து எங்கள் தீவு நாட்டின் தலைநகர் சுவாவிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்புவது அவள் வேலை. அந்தக் கிருமியில் ஏகப்பட்ட வகை உண்டு. தடுப்பூசி சிலவற்றைத்தான் விரட்டும். எது காலி செய்கிறது, அந்த இடத்தில் எது குடிவருகிறது என்று தெரிந்தால்தான் ஊசியைத் திருத்த முடியும். அதற்கு அதே மூக்கு அடுத்த வருஷமும் வேண்டும். மூக்குகள் குறைந்தால் ஆய்வு நிற்கும். மோகினியின் வேலையும் போகும்.

கிருமிகள் ஒத்துழைத்தன. மூக்குகள்தான் ஆக்லாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

2006 டிசம்பரில் ராணுவம் மறுபடியும் ஆட்சியைப் பிடித்திருந்தது. விசா கேட்காத வீடு இல்லை. கேட்டதாக ஒப்புக்கொண்ட வீடும் இல்லை. விமானம் ஏறும்முன் வாயைத் திறந்தால் நஜர் என்னும் கண்ணேறு பட்டு எல்லாம் கெட்டுவிடும் என்பது எங்கள் சனத்தின் அசையாத நம்பிக்கை. டாக்சி ஓட்டும் பொன்சாமி மகளை மடியில் வைத்துக்கொண்டு கற்பூரம் அடிக்காத குறையாகச் சொன்னார்:

"எங்க போறது, தங்கச்சி? செத்தாலும் இந்த மண்ணுலதான்."

மறுமுறை மோகினி போனபோது கதவில் பூட்டு. வாசலில் பக்கத்து வீட்டு ஆடு.

'அடுத்த மாசம் சிட்னி' என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டவர்களோ, விசா மறுக்கப்பட்டவர்கள். அவர்கள் அடுத்த தெருவுக்குக்கூட வீடு மாறவில்லை. மோகினிக்கு விஷயம் பிடிபட்டது. இருப்பதாகச் சத்தியம் செய்தவர்களைக் கழித்துவிட்டு, போகப்போவதாகச் சொன்னவர்களின் குழந்தைகளையே சேர்த்தாள். வருஷம் திரும்பியபோது அநேகமாக எல்லா மூக்கும் அதனதன் வீட்டில் இருந்தது.

ஆய்வுத் தலைவர் டாக்டர் பாலசுப்பிரமணி ரகசியத்தைக் கேட்டார். சொன்னாள். இது விஞ்ஞானமே இல்லை என்று கடிந்துகொண்டு, அப்படியே தொடரச் சொன்னார்.

புதிய தடுப்பூசி வரவிருந்த சமயம் நிரந்தரப் பதவி ஒன்று காலியானது. ஊரில் தங்குகிறவருக்குத்தான் அது என்றார் டாக்டர். மோகினி நிஜமாகவே எங்கும் போகிறவள் இல்லை. 'எங்க போறது' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கினாள்.

"அடுத்த மாசம் ஆக்லாந்து, டாக்டர்."

அவர் உடனே கையெழுத்துப் போட்டார்.

"அப்ப வேலை உனக்குத்தான். நானும் இருக்கேன், பயப்படாதே. நான் எங்க போறது?"

மோகினி அன்று மாலையே அவருடைய பிரிவு விருந்துக்கு ஆடு பார்க்கக் கிளம்பினாள்.