அக்கா பிறந்ததற்கு நான் செய்த சத்தியம்

அக்காவின் ஆட்டத் திவசத்துக்கு, முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு, வந்து எங்களோடு இருந்து சாப்பிட்ட சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும், அவரின் ஒரே தம்பி இந்த நினைவு மலரில் எழுதுவது.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் கொழும்பு வெள்ளவத்தையில் எனக்கு மூன்று கடை இருக்கிறது. படித்தவர்கள் என்னிடம் சம்பளத்துக்கு நிற்கிறார்கள். இதை எல்லோரும் அறிவீர்கள், அறியாதவர்களுக்கு நானே சொல்லியிருப்பேன். அப்படிப்பட்ட நான் ஒரு துண்டுக் கடதாசிக்குப் பயந்து நடுங்கிய கதையை எழுதாமல் அக்காவைப் பற்றி எழுத முடியாது.

அக்கா பருத்தித்துறைப் பக்கம், எங்கள் வீட்டிலேயே பிறந்தவர். பிறப்பைப் பதிய ஐயாவுக்கு நேரம் வரவில்லை, பிறகு ஐயாவே இல்லாமல் போனார். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இடியப்பம் அவித்து என்னை வளர்த்தார். எனக்குக் கொழும்புக்கு ரயில் ஏற வயது வந்தபோது, தன் தோட்டைக் கழற்றித் தந்தார். கடை எழும்பியதும் அவரை என்னோடு கூட்டிவந்தேன். கணவரை இழந்து, ஒரே மகளைக் கனடாவுக்குக் கட்டிக்கொடுத்த பிறகும் அவர் யாரிடமும் ஒன்று கேட்டதில்லை.

முதன்முறையாக ஒன்று கேட்டார். மகளுக்கு இதயத்தில் சத்திரசிகிச்சை என்று செய்தி வந்தது. "தம்பி, பிள்ளையின்ர நெஞ்சைத் திறக்க முன்னம் நான் அவளை ஒருக்கால் பாக்கவேணும்" என்றார்.

கடவுச்சீட்டுக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் கேட்டார்கள். ஊரில் தேடுவித்தேன், பதிவு இல்லை என்று கடிதம் வந்தது. அப்படியானால், பிறப்பை நேரில் அறிந்த மூத்தவர் ஒருவர் சத்தியக் கடதாசி முடித்துத் தரவேண்டும், அதை வைத்து உத்தேச வயதுப் பத்திரம் எடுக்கலாம் என்றார்கள்.

"மூத்தவர் ஆர் இருக்கினம்?" என்று அலுவலக வாசலில் கடதாசி தட்டச்சு செய்பவர் கேட்டார்.

"நான்தான் மூத்தவன். குடும்பத்துக்கே நான்தான் மூத்தவன்" என்றேன்.

தலை நரைத்தவன், கடை முதலாளி. யார் சந்தேகப்படுவது? அக்கா பிறந்ததை நான் அறிவேன் என்று அவர் தட்டினார். சமாதான நீதவான் முன் சத்தியம் செய்து கையெழுத்திட்டு, அலுவலகத்தில் கொடுத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். உண்மையில் நான் அக்காவுக்கு நான்கு வயது இளையவன்.

இரண்டு நாள் கழித்து, கடையில் நிற்கும் செல்வி யாரோ ஒருவரின் அடையாள அட்டையைப் பார்த்து வயதைச் சொன்னாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"முதல் ரெண்டு இலக்கமும் பிறந்த வருசம்தானே முதலாளி. இது தெரியாமலா இவ்வளவு காலமும் அட்டையோட திரிஞ்சனீங்கள்?"

அந்தக் கடதாசியில் என் இலக்கம் இருக்கிறது. அதன் கீழேயே அக்காவின் வயதும் இருக்கிறது. காலி வீதியில் பொலிஸ் ஜீப் போனால் கடைக்குப் பின்னால் போய் நின்றேன். சிறைக்குப் போனால் மானம்தான் போகும். அலுவலகத்தில் அக்காவின் கோப்பை மூடிவிட்டால், அக்கா மகளைக் காணாமலே போய்விடுவார். அதுதான் என் பயம்.

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்ததைக் கண்டு அக்கா விசாரித்தார். சொன்னேன்.

"நீ பிறந்தது எனக்குத் தெரியும். நான் பிறந்தது உனக்கு எப்பிடியடா தெரியும்?"

"எல்லாம் உங்களுக்காகத்தானே அக்கா."

"எனக்காகப் பொய்ச்சத்தியம் செய்யாத. அந்தப் பத்திரத்தோட போய்ப் பிள்ளையின்ர கட்டிலுக்குப் பக்கத்தில நிக்க எனக்குப் பயமாக் கிடக்கு. போய்த் திருப்பி வாங்கிக்கொண்டு வா."

போனேன். இலக்கத் துண்டு எடுத்து அலுவலக வரிசையில் நின்றேன். அங்கிருந்த பெண் கோப்பைத் திறக்கவே இல்லை. கடதாசி தனியாக, அவரின் மேசையில் இருந்தது.

"ஐயா, நீங்கள் தம்பியெல்லே? உங்கட அட்டை இலக்கமே சொல்லுது. இண்டைக்கு வராட்டி நாளைக்கு மேலிடத்துக்கு அனுப்பியிருப்பன். பிறப்பைத் தெரிஞ்ச ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று திருப்பித் தந்தார்.

தெரிந்தவர் உயிரோடு ஒருவர்தான் இருந்தார். ஊரில் எங்கள் அயல்வீட்டுக் கந்தையா அண்ணை, இப்போது கொட்டாஞ்சேனையில் மகள் வீட்டில். அவரின் தாயார்தான் அக்காவின் பேறு பார்த்த மருத்துவிச்சி. ஆனால் அவரோடு எனக்குப் பல வருடம் பேச்சில்லை. ஒரு கல்யாண வீட்டில், அவரின் மருமகனின் கடைக்குள் கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரிலும் முட்டும் என்று ஆட்கள் நடுவில் சொல்லியிருந்தேன்.

அவர் கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சுவரில முட்டாமல் உள்ளுக்கு வா."

அக்காவும் கூட வந்திருந்தார். அவரைக் கண்டதும் அண்ணையின் குரல் மாறிவிட்டது. "உனக்கில்லாத சத்தியமே பிள்ளை? எங்கட கோயில் தேருக்கு அடுத்தநாள் விடியப் பிறந்தனி. நான் ஆறாம் வகுப்புக்குப் போன வருசம். வேலிக்கு இங்காலை நிண்டு உன்ர அழுகையைக் கேட்டனான்" என்றார். மருமகன் பழைய பஞ்சாங்கம் தேடி எடுத்து ஆங்கிலத் திகதி பார்த்துத் தந்தார். அண்ணை தடியை ஊன்றிக்கொண்டு வந்து சத்தியம் செய்தார். அந்த முறை ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன்.

பத்திரம் வந்தது, கடவுச்சீட்டும் விசாவும் வந்தன. சத்திரசிகிச்சைக்கு மூன்று நாள் முன்பு அக்கா மகளின் பக்கத்தில் இருந்தார். மகள் சுகமாக எழும்பி நடந்த பிறகே திரும்பி வந்தார். வந்த ஏழாம் மாதம், வெள்ளவத்தையில், என் கையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

நோயில் பார்த்த வைத்தியர்களுக்கும், மாடிப்படியால் தூக்கி இறக்கிய அயல்வீட்டாருக்கும், பெயர் கேட்காமல் விட்டுவிட்ட அந்த அலுவலகப் பெண்ணுக்கும், கந்தையா அண்ணைக்கும் அவரின் மருமகனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த மலரின் முன்பக்கத்தில் போட, அச்சகத்தில் அக்கா பிறந்த திகதியைக் கேட்டார்கள். பத்திரம் சட்டைப் பைக்குள் இருந்தும் வாய் வரவில்லை. கந்தையா அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து, அவர் "ஓம், அதுதான்" என்று சொன்ன பிறகுதான் அச்சடிக்க விட்டேன்.